குழந்தை யார் மடியில்?

சென்னையில் நான் படித்த கல்லூரியிலிருந்து போன மாதம் ஒரு படிவம் வந்தது. கலை வரலாற்றுத் துறையைத் தொடர்வதா மூடுவதா என்று ஆலோசிக்கிறார்களாம். பழைய மாணவர்கள் 'இப்படிப்பு தங்கள் பணிவாழ்வில் எவ்வாறு பயன்பட்டது' என்பதை இரண்டு வரியில் எழுதி அனுப்ப வேண்டும். இரண்டு வரி என்றால் இரண்டு வரிதான். மூன்றாவது வரியைத் தட்டினால் கட்டம் சிவப்பாகிவிடுகிறது. நான் வருவாய்த் துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள். படிவத்தில் இடம் போதாவிட்டால் தனித்தாளில் எழுதி இணைக்கலாம் என்பது எங்கள் துறையில் கடைநிலை ஊழியருக்கும் தெரிந்த விதி. ஆகவே இது தனித்தாள்.

நான் அந்தப் படிப்பில் சேர்ந்தபோது என் அப்பா திருத்தணிப் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தார். எந்தப் பேருந்து எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதி வைப்பது அவர் வேலை. பயனில்லாத நிமிடம் என்றால் அவருக்கு ஆகாது.

"பொம்ம பாக்கறதுக்கு எதுக்கும்மா ரெண்டு வருஷம்? மலைக்குப் போனா அர நாள்ல அல்லாத்தையும் பாத்துட்டு எறங்கிடலாமே" என்றார்.

இரண்டு வருடமும் போனேன். அங்கே கற்றதைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். எங்கள் பேராசிரியை திரையில் ஒரு சிற்பத்தைப் போடுவார். 'அழகு', 'கம்பீரம்' என்று யாராவது வாயைத் திறந்தால் உட்காரச் சொல்லிவிடுவார். கை எத்தனை, எந்தக் கையில் என்ன இருக்கிறது, நிற்கிறதா உட்கார்ந்திருக்கிறதா, உடம்பின் எடை எந்தக் காலில் இறங்குகிறது, பக்கத்தில் யார், அவர் என்ன செய்கிறார், யார் எதுவும் செய்யாமல் இருக்கிறார்? இதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை அது எந்தக் கடவுள் என்று சொல்லக் கூடாது. தெரிந்திருந்தாலும் சொல்லக் கூடாது. "பெயர் தெரிந்துவிட்டால் பார்ப்பதை நிறுத்திவிடுவீர்கள்" என்பார். இன்னொன்றும் சொல்வார்: புகைப்படத்தையும் நகலையும் வைத்து முடிவு சொல்லாதே, மூலத்துக்குப் போ. எங்களில் பலருக்குப் பேருந்துச் செலவுக்கே திண்டாட்டம். ஆனாலும் போனோம்.

பிறகு தேர்வாணையத் தேர்வு எழுதினேன். நேர்முகத்தில் ஒருவர், "சிலை பார்க்கப் படிச்ச நீங்க சிட்டா பார்த்து என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். இரண்டிலும் உடைந்த பாகத்தை யார் ஒட்டினார்கள் என்று பார்க்க வேண்டும் என்றேன். சிரித்தார்கள். வேலை கிடைத்தது. அந்தப் பதில்தான் காரணம் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். என் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணே போதுமானதாக இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

படிப்பு எனக்கு முதலில் தந்தது திமிர்தான் என்பதையும் எழுத வேண்டும். சேர்ந்த புதிதில் ஒருவர் கொடுத்த சாதிச் சான்றிதழில் முத்திரையைப் பார்த்தேன். கோபுரத்தில் ஒரு நிலை குறைந்திருந்தது. கலசங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நிலைகளை எண்ணிப் பழகிய கண் அல்லவா! போலி என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிட்டேன். அந்த மனிதர் கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு வாரம் அலைந்தார். கடைசியில் விசாரித்தால், சான்றிதழ் வழங்கிய அலுவலகத்தில் பழைய ரப்பர் முத்திரை தேய்ந்துபோய், பக்கத்துத் தெருக் கடையில் புதிதாக வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். வெட்டியவருக்கு ஐந்து நிலைக்கு இடம் போதவில்லை. நாலோடு நிறுத்திவிட்டார். சான்றிதழ் உண்மை, கோபுரம்தான் போலி.

"மேடம், நான் இன்னா தப்பு செஞ்சேன்? கோபுரம் கொறஞ்சதுக்கு நானா பொறுப்பு?" என்று அவர் கேட்டார். அன்றிலிருந்து கண் சொன்னதை இன்னொரு சாட்சி உறுதி செய்யாமல் குறிப்பில் ஏற்றியதில்லை.

சில இடங்களில் படிப்பு நேராகவே உதவியது. ஒரு கிராமத் தேர்த் திருவிழாவுக்குத் தடுப்புக் கட்டை போட வரைபடம் தயாரித்திருந்தார்கள். கூட்டம் கிழக்கு வாசலில் நுழைந்து, வலப்பக்கம் திரும்பி, வடக்கு வழியாக வெளியேறும் என்று அம்புக்குறி. காகிதத்தில் அருமையாக இருந்தது. "சாமி கும்பிடுகிறவர் யாராவது வலம் வராமல் இடமாகச் சுற்றுவாரா?" என்று கேட்டேன். கோயிலின் தளவமைப்பைப் படித்தவர் யாரும் அதில் ஒருவர் எப்படி நடப்பார் என்பதையும் சேர்த்தே படித்திருப்பார். பொறியாளர் அம்புக்குறியை அழித்துத் தெற்கே திருப்பிப் போட்டார். நன்றி சொல்லவில்லை. அவர் வழக்கம் அது. என்னோடு படித்த ஒருத்தி மருத்துவமனையில் எக்ஸ்ரே படம் எடுக்கிறாள். இன்னொருத்தர் விபத்தில் நசுங்கிய வண்டிகளின் படங்களைப் பார்த்து மோதல் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று காப்பீட்டுக்காரர்களுக்குச் சொல்கிறார். இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான்: நிழலைப் பார்க்கப் பழகியது வகுப்பில்தான்.

ஆனால் அந்தப் படிவத்துக்கு என் உண்மையான பதில் ஒரு வாரிசுச் சான்றிதழ்தான்.

அப்போது எல்லைப்புற வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் துணை வட்டாட்சியராக இருந்தேன். வட்டாட்சியர் சபாநாயகம். அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கு அவர் கைகள்தான் முதலில் நினைவுக்கு வரும். கோப்பைக் கொண்டுபோய் வைத்தால் திறக்க மாட்டார். மூடிய கோப்பின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு, சன்னல் வழியாக வேப்ப மரத்தைப் பார்த்தபடி, "சொல்லுங்க" என்பார். சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும், "எந்தப் பக்கம்?" என்பார். பக்க எண் சொன்னால் அடுத்த வாக்கியத்துக்குப் போகலாம். தடுமாறினால் கைகளை எடுத்துவிடுவார். கோப்பை நாமே எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். திட்டியதே கிடையாது. திட்டியிருக்கலாம் என்று பலர் ஏங்கியிருக்கிறார்கள்.

லலிதாவின் மனு அவரிடம் போகுமுன் என் மேசைக்கு வந்தது. ஆர்.கே.பேட்டைப் பக்கத்து நெசவுத் தெரு. வயது இருபத்திரண்டு. விசைத்தறியில் வேலை. அரசுப் பள்ளியில் அலுவலக உதவியாளராக இருந்த கோவிந்தராஜ் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார், அவருக்கு நான் ஒரே மகள், வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டிருந்தாள். அது கிடைத்தால்தான் கருணை அடிப்படையில் வேலை கேட்க முடியும். அதற்குக் காலவரம்பு உண்டு. வரம்பில் பெரும் பகுதி அதற்குள் ஓடிப்போயிருந்தது.

எதிர்மனு கோவிந்தராஜின் தம்பி முனிரத்தினத்துடையது. அண்ணனுக்குக் குழந்தையே இல்லை, அண்ணி கஸ்தூரி பல வருடம் முன்பே இறந்துவிட்டார், இந்தப் பெண் கஸ்தூரியின் தங்கை, ஆகவே நான்தான் வாரிசு என்று எழுதியிருந்தார்.

காகிதங்கள் எல்லாம் அவர் பக்கமே நின்றன. லலிதா வீட்டில் பிறந்தவள், பிறப்புப் பதிவு இல்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'தந்தை பெயர்: ஏகாம்பரம்'. ஏகாம்பரம் கஸ்தூரியின் அப்பா. அதை வைத்தே ஆதார், அதை வைத்தே குடும்ப அட்டை. கோவிந்தராஜின் பணிப்பதிவேட்டில் குடும்ப விவரம் என்ற இடத்தில் இறந்துபோன மனைவியின் பெயர் மட்டும் இருந்தது. அவர் அதைத் திருத்தவே இல்லை. ஏகாம்பரமும் அவர் மனைவியும் உயிரோடில்லை. கஸ்தூரியின் தம்பி தனசேகர் சூரத்தில் தறி ஓட்டப் போனவர், எந்த முகவரியிலும் அகப்படவில்லை.

வருவாய் ஆய்வாளர் பிரபாகர் தெருவில் விசாரித்து அறிக்கை கொடுத்திருந்தார். தெற்கத்திப் பையன், நேர்மையானவர், மூன்று முறை போய் வந்திருந்தார். அறிக்கையின் முக்கிய வரி: 'மனுதாரர் இறந்தவரைப் பாவா என்றே அழைத்து வந்ததாக ஐந்து சாட்சிகளும் கூறினர். இப்பகுதியில் பாவா என்பது அக்காள் கணவரைக் குறிக்கும் சொல்.'

"மேடம், பெத்த அப்பனை எவளாவது பாவான்னு கூப்பிடுவாளா? எங்க ஊர்ல அத்தான்னா அத்தான்தான், அப்பான்னா அப்பாதான். இங்கயும் அப்படித்தானே இருக்கும்?" என்றார்.

"அஞ்சு பேர்கிட்டயும் கேட்டீங்க. அவகிட்ட கேட்டீங்களா?"

"அவ மனுதாரர்லா? தனக்குச் சாதகமாத்தானே சொல்லுவா."

லலிதாவை வரச் சொன்னேன். விரல் இடுக்கில் சாயம் இருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எங்கம்மா செத்தப்போ எனக்கு ரெண்டு வயசுங்க. தாத்தா வூட்லதான் வளந்தேன். அப்பா பக்கத்துத் தெரு, டெய்லி சாயங்காலம் வருவாரு. அவரு வந்தா மாமா 'பாவா வந்துட்டாரு'ன்னு கத்தும். நானும் அப்டியே சொன்னேன். சிரிச்சாங்க. சிரிக்கிறாங்களேன்னு திரும்பச் சொன்னேன். அப்பால அதே நின்னு போச்சு."

"பெரியவளான பிறகாவது மாத்தியிருக்கலாமே?"

"ஒருவாட்டி 'நைனா'ன்னு கூப்ட்டேன். அவரு திரும்பியே பாக்கலைங்க. வேற யாரையோ கூப்புடறேன்னு நெனச்சிகினாரு."

அந்தத் தெருக்களில் நான் பார்த்தது இதுதான். அப்பாவை அண்ணா என்று கூப்பிடும் பிள்ளைகள் உண்டு, சித்தப்பாக்கள் அப்படிக் கூப்பிடுவதால். அம்மாவை அக்கா என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. உறவுச் சொல் காதால் வருவது. பிரபாகர் அதை அகராதியில் பார்த்துவிட்டார். ஆனால் எனக்கு இது தெரியும் என்பது சான்றாகாது. சபாநாயகம் கேட்கப்போவது பக்க எண்.

லலிதா போகும்போது வாசலில் நின்றாள். "வேல கெடைக்கலன்னாலும் பரவால்லைங்க. தறி இருக்குது. ஆனா அவுருக்கு யாருமே இல்லன்னு எழுதிட்டாங்கன்னா, நான் யாருங்க?"

சந்தேகமான உறவு என்றால் 'உரிமையியல் நீதிமன்றத்தை அணுகவும்' என்று எழுதி அனுப்பிவிடலாம். தவறே இல்லாத வரி அது. எழுதியவருக்கு எந்தக் காலத்திலும் விளக்கக் கடிதம் வராது. நீதிமன்றம் முடிவு சொல்வதற்குள் வேலை கேட்கும் வரம்பு முடிந்துவிடும், அவ்வளவுதான். நான் அந்த வரியை எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் பள்ளிக்குப் போனேன். மாற்றுச் சான்றிதழ் நகல்தானே, மூலம் சேர்க்கைப் பதிவேடு. தலைமை ஆசிரியர் பீரோவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஏகாம்பரம் பெயர் எழுதியிருந்த பத்தியின் தலைப்பு: 'பெற்றோர் அல்லது பாதுகாவலர் பெயர்'. சான்றிதழ் தட்டச்சு செய்தவர் அதைத் 'தந்தை பெயர்' என்று சுருக்கிவிட்டார். அவர் அன்று மிச்சம் பிடித்த இரண்டு சொல், ஆதார் வரைக்கும் போய்விட்டது. பதிவேட்டின் சான்றிட்ட நகலை வாங்கிக் கோப்பில் வைத்தேன். இதனால் ஏகாம்பரம் அப்பா இல்லை என்று ஆகவில்லை. அப்பாவாக இருந்தே தீர வேண்டும் என்பது மட்டும் போயிற்று.

மிச்சம் இருந்தது ஒரு புகைப்படம். அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் முனிரத்தினமேதான்.

திருத்தணி மலையடியில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் வரைந்த மலையும் படிக்கட்டும். முன்வரிசையில் மூன்று நாற்காலி. இரு ஓரத்திலும் ஏகாம்பரமும் அவர் மனைவியும். நடுவில் ஓர் இளைஞன், மடியில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை. பின்வரிசையில் மூன்று பேர் நின்றார்கள். கடைசி ஓரத்தில் கோவிந்தராஜ், தலையில் ஒரு துணித் தொப்பி. பிரபாகர் குறிப்பு: 'குழந்தை ஏகாம்பரம் தம்பதிக்கு நடுவில் உள்ளது. இறந்தவர் விருந்தினர் போல ஓரமாக, தொப்பியுடன் நிற்கிறார்.' மலையடியில் தொப்பி போட்டு நிற்கிறவர் விருந்தினர் அல்ல, அன்று காலை மொட்டையடித்தவர். பிரபாகருக்கு அதைச் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் நான் அதைக் குறிப்பில் எழுதவில்லை. யார் வேண்டுமானாலும் வேண்டிக்கொண்டு மொட்டை போடலாம். ஒரு கோபுரத்தில் சூடு பட்டவள் தொப்பியை நம்பமாட்டாள்.

இரண்டு நாள் அந்தப் படத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் முனிரத்தினத்தை வாக்குமூலத்துக்கு அழைத்தேன். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு பேனா. வந்ததும், "இன்னா மேடம், போட்டாவுல இன்னா தேடிகினு கீறீங்க? அதுல அல்லாம் தெளிவா கீதே" என்றார்.

"தெளிவாத்தான் இருக்கு. இவங்கள்லாம் யார் யாருன்னு எனக்குத் தெரியாதே. நீங்க சொல்லுங்க, எழுதிக்கறேன். உறவு, வழக்கு எதுவும் இப்ப வேண்டாம். யார், எங்க இருக்காங்க, என்ன செய்யறாங்க. அவ்வளவுதான்."

வகுப்பில் என்னை எத்தனையோ முறை உட்கார வைத்த கேள்விகள் அவை. அவர் உற்சாகமாகச் சொன்னார். நான் எழுதினேன்.

"இது ஏகாம்பரம். இது அவரு சம்சாரம். நடுவுல கொழந்தய மடில வச்சிகினு குந்திகினு இருக்கறது தனசேகரு, அவங்க புள்ள, எங்க அண்ணிக்குத் தம்பி. பின்னால ஓரத்துல எங்கண்ணன். பக்கத்துல அண்ணி."

"அண்ணிக்குப் பக்கத்துல கை கட்டிட்டு நிக்கறவர்?"

"அவரா? அவரு நகரிக்காரரு. ஏகாம்பரம் சம்சாரத்துக்குக் கூடப் பொறந்த தம்பி."

"என்னைக்கு எடுத்தது?"

"கொழந்தக்கு மொட்ட போட்டு காது குத்துன அன்னிக்கி. நானும்தான் மலைக்குப் போயிருந்தேன். போட்டாவுல நிக்கல, சாப்பாட்டு வேலயப் பாத்துகினு இருந்தேன்."

"காது குத்தும்போது குழந்தையை யார் வெச்சிருந்தாங்க?"

"இதே தனசேகருதான். குத்தி முடிச்சி நேரா ஸ்டூடியோ வந்தாங்க. பாருங்க, காதுல மஞ்சள் கூட அப்டியே கீது."

படித்துக் காட்டினேன். சரி என்று ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். நான்கு பக்கம். பக்க எண் நாற்பத்தொன்று முதல் நாற்பத்துநான்கு வரை. நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

விசாரணை நாளில் சபாநாயகம் அறைக்கு இருவரையும் அழைத்தோம். லலிதா சுவர் ஓரமாக நின்றாள். முனிரத்தினம் நாற்காலியில். சபாநாயகத்தின் கைகள் கோப்பின் மேல் இருந்தன.

"சொல்லுங்க."

பள்ளிப் பதிவேட்டைச் சொன்னேன்.

"எந்தப் பக்கம்?"

"முப்பத்தெட்டு."

புகைப்படத்தைச் சொன்னேன். நடுவில் இருப்பது தனசேகர், கஸ்தூரியின் தம்பி.

"எந்தப் பக்கம்?"

"நாற்பத்திரண்டு. எதிர்மனுதாரரே சொன்னது."

காது குத்தும்போதும் அதே மடி. நாற்பத்துநான்கு. ஏகாம்பரம் மனைவியின் தம்பி பின்வரிசையில் கை கட்டி நிற்கிறார். நாற்பத்துமூன்று. அதோடு நிறுத்திக்கொண்டேன். இதன் பொருள் என்ன என்று நான் சொல்லவில்லை. அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் அவர் சன்னலிலிருந்து திரும்பியது குறைவு. அன்று திரும்பினார்.

"ஐயா, உங்க வீட்டுல குழந்தைக்குக் காது குத்தும்போது யார் மடியில உட்கார வைப்பீங்க?"

முனிரத்தினத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? தாய்மாமன் மடிலதான். வேற யாரு மடில குந்த வைப்பாங்க?"

சொல்லி முடித்துவிட்டார். தனசேகர் தாய்மாமன் என்றால் குழந்தையின் தாய் தனசேகரின் அக்காள் கஸ்தூரி. முனிரத்தினத்தின் முகத்தில் அந்தக் கணக்கு மெதுவாக நடப்பதைப் பார்த்தேன்.

"இல்ல சார். ஒரோரு சமயம் மாமன் இல்லாங்காட்டி, வூட்ல இருக்கற யாராவது குந்திக்குவாங்க…"

"ஏகாம்பரம் பொண்ணா இருந்தா மாமன் நகரிக்காரர். அவர் இல்லையா அன்னிக்கு?"

"அவரு… இருந்தாரு சார்."

"எங்க இருந்தார்?"

சபாநாயகம் என்னைப் பார்த்தார். "எந்தப் பக்கம்?"

"நாற்பத்துமூன்று. பின்வரிசை, கை கட்டி நிற்கிறார்."

"உரிமை உள்ள மாமன் பின்னால கை கட்டி நிக்க, அக்கா மகனை நாற்காலியில உட்கார வெச்சுக் குழந்தைக்குக் காது குத்தினாங்களா? உங்க தெருவுல அப்படி நடந்தா என்ன ஆகும்?"

"வெட்டு குத்து ஆயிடும் சார்" என்றார் முனிரத்தினம், பழக்கத்தில்.

சுவர் ஓரத்திலிருந்து ஒரு சத்தம். லலிதா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கவில்லை.

சபாநாயகம் கோப்பைத் திறந்தார். நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்துநான்குவரை விரலை வைத்து வரி வரியாக வாசித்தார், ஒவ்வொரு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார், பிறகு புகைப்படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். அவர் ஒரு படத்தை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. "இந்தப் பின்வரிசை ஆள் என் கண்ணுல பட்டிருக்கவே மாட்டார்" என்றார். அவரிடமிருந்து எனக்கு வந்த பாராட்டு அது ஒன்றுதான். அந்த வாக்கியத்துக்குப் பக்க எண் கிடையாது.

பிரபாகர் அன்று மாலைக்குள் திருத்திய அறிக்கை கொடுத்தார். பாவா என்ற வரியை நீக்கவில்லை. அதன் கீழே, 'தாய் வீட்டில் வளர்ந்ததால் அவ்வீட்டார் அழைத்த சொல்லையே மனுதாரர் பழகினார்' என்று ஒரு வரி சேர்த்தார். கூடவே ஐந்து சாட்சிகளின் கையொப்பமும் புதிதாக வாங்கியிருந்தார். நான் கேட்கவில்லை. அவரே மறுபடியும் போயிருக்கிறார்.

முனிரத்தினம் கெட்ட மனிதர் என்று இதை எழுதவில்லை. அவர் மகனுக்கு வேலை இல்லை. அண்ணன் இடம் குடும்பத்தைவிட்டுப் போகக் கூடாது என்று நினைத்தார். குடும்பம் என்பதில் யாரைச் சேர்ப்பது என்பதில்தான் அவருக்குத் தவறியது. ஆணை மீது கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் மேல் நீதிமன்றம் இருக்கிறது என்று அவருக்கு எழுத்தில் கொடுத்தேன். அது விதி. வாங்கி மடித்துப் பேனாக்களுக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

சான்றிதழ் வழங்கிய நாளில் இருவரும் வந்திருந்தார்கள். ஒருவர் சான்றிதழுக்கு, மற்றவர் ஆணையின் நகலுக்கு. லலிதா சான்றிதழை வராந்தாவிலேயே நின்று படித்தாள். இறந்தவர் பெயர், வாரிசு பெயர், உறவுமுறை என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் 'மகள்' என்றிருந்தது. அந்தக் கட்டத்தை மட்டும் அவள் இரண்டு மூன்று முறை படித்திருப்பாள். அத்தனை நேரம் ஆயிற்று.

வராந்தாவின் மறுமுனையில் முனிரத்தினம் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். இத்தனை மாதமும் மனுவிலும் வாக்குமூலத்திலும் நேரிலும் அவள் அவரை 'இவரு' என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவரும் 'அந்தப் பொண்ணு' என்பதற்கு மேல் போனதில்லை.

வெளியே டவுன் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்துத்தான். லலிதா காகிதத்தை மடிக்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"சித்தப்பா, பஸ்ஸு வந்துட்ச்சு. போலாமா?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னிடம் அதற்கு எந்தப் பக்கமும் இல்லை.

"ஆங்" என்றார், தரையைப் பார்த்தபடி. "மொதல்ல நீ ஏறு. எடம் போடு."